இருபத்தொன்றாவது கணினி

மீனாச்சி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

“கமலா, புதுக் கட்டில் கம்ப்யூட்டர் உள்ள போக மாட்டேங்குது. அதுல படுத்திருக்கிற அங்கிளுக்கு ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் போடலாமா கூடாதான்னு பார்க்கணும்.”

காஜா பேராங்கில் உள்ள அந்த ரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் மீனாச்சி தாதி; எல்லாருக்கும் ‘மிஸ்ஸி’. கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் கமலவேணி.

வெளியே சாலை நெடுக அறுபதாவது மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

புதுக் கட்டிலில் கிடந்த கலியாணசுந்தரம் வேறொரு மையத்தில் இரண்டு முறை சிகிச்சைக்குப் போகாமல் இருந்துவிட்டவர். மூச்சு இழுத்தது. பக்கவாதம் வந்த பிறகு அவருக்குப் பேச்சு கிடையாது. கிளேபாங்கிலிருந்து கூட்டி வந்த டாக்சிக்காரருக்கு அவர் பெயர்கூடச் சரியாகத் தெரியவில்லை.

போன வருடம் அவர் இங்கே சிகிச்சை பெற்றிருந்ததால் மீனாச்சிக்கு முகம் நினைவிருந்தது. விவரம் முழுவதும் சர்வரில் இருந்தது; ஆனால் அவர் கிடக்கும் கட்டிலின் கணினியில்தான் அது திறக்கும்.

புதுக் கணினியின் திரையில் ஒரே வரி. இனி யாரும் இணைய முடியாது.

கமலவேணி கணினியைத் தொடவே இல்லை. நேராக சர்வர் இருந்த சிற்றறைக்கு ஓடினாள்.

பழைய கட்டில்களில் பத்தொன்பது கணினிகள், மேலாளர் அறையில் ஒன்று. ஆக இருபது. புதுக் கட்டிலுடையது இருபத்தொன்றாவது.

சர்வருக்கென்று உள்ள இயங்குதளம் நூறு கணினிகள் வந்தாலும் இடம் கொடுக்கும். வீட்டு மேசைக் கணினிக்கான இயங்குதளம் இருபதோடு நிறுத்திக்கொள்ளும். திரையைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

பட்டியலில் மேலாளரின் கணினியைத் தேடிப் பிடித்துத் துண்டித்தாள்.

“இப்ப பாருங்க மிஸ்ஸி!”

புதுக் கணினியில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

பிறகு மீனாச்சியின் குரல் வந்தது. “ஹெப்பாரின் கூடாதாம். போன வருசம் போட்டு ஐசியூ வரைக்கும் போயிருக்காரு.”

ஹெப்பாரின் இல்லாமலே இயந்திரம் ஓடத் தொடங்கியது. அரை மணி நேரத்தில் அவருடைய மூச்சு சீரானது.

மேலாளர் தம்பிராஜா நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிற்றறை வாசலில் வந்து நின்றார்.

“சர்வர்ல வீட்டு விண்டோஸா? எல்லாம் முன்ன கம்ப்யூட்டர் பார்த்த அந்த தேவதாஸ் வேலை. போட்டுட்டு வேலைய விட்டுப் போய்ட்டான்.”

மீனாச்சியும் ஆமாம் என்று தலையசைத்தாள்.

தேவதாஸ் வேலையை விட்டது மே மாதம். சர்வர் படுத்துக்கொண்டது ஜூலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை ஏழு மணிக்கு நோயாளிகள் வந்துவிடுவார்கள். அன்று மையத்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். கைக்குக் கிடைத்த விண்டோஸைப் போட்டாள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

“தேவதாஸ் இல்லண்ணே,” என்றாள் கமலவேணி. “நான்தான்.”