மூடிக்கு அடியில் ஒரிஜினல்

ஜெராக்ஸ் கடைக்குள் மதிய வெயில் மேசைவரை வந்து நிற்கிறது. தண்ணீர்த் தம்ளருக்குப் பக்கத்தில் இன்றைய மாத்திரை அப்படியே கிடக்கிறது. கடைக்காரர் ரத்தப் பரிசோதனை முடிவை மனைவியின் பக்கம் தள்ளுகிறார். "எச்ஐவி தென்படலைன்னு போட்டிருக்கான். இனியும் எதுக்கு இந்தக் கருமம்?" அவள் பேப்பர் கட்டை விசிறித் தட்டி இயந்திரத்தில் அடுக்குகிறாள். சூடான மைத்தூள் மணக்கிறது. "அந்தக் கிருமிக்குத் தானா பெருகத் தெரியாதுங்க. உடம்பைக் காக்கிற வெள்ளை அணுவுக்குள்ள பூந்து, அதோட மெஷின்லயே தன்னைக் காப்பி எடுத்துக்கும். அந்த அணு செத்துப்போகும். காவல் குறையக் குறைய, கண்ட நோயும் உள்ள வரும். போன வருஷம் இருமி இருமிப் படுத்துக் கிடந்தீங்களே, அது அப்படித்தான்." "இப்பதான் காப்பியே இல்லையே." "மாத்திரை பட்டனை அமுக்க விடலை. அதான் காப்பி இல்ல." அவள் இயந்திரத்தின் மூடியைத் தூக்குகிறாள். கண்ணாடிமேல் யாரோ மறந்துவிட்டுப் போன சான்றிதழ் குப்புறக் கிடக்கிறது. "ஆனா ஒரிஜினல் இந்த மாதிரி உள்ளயேதான் பதுங்கியிருக்கு." வாசலில் செருப்புச் சத்தம். மூச்சிரைக்க வந்தவர் சான்றிதழை வாங்கிக்கொண்டு அசட்டுச் சிரிப்போடு திரும்புகிறார். வெறும் கண்ணாடியில் மின்விசிறியின் நிழல் சுற்றுகிறது. அவள் தம்ளரைக் கணவரின் பக்கம் நகர்த்துகிறாள். "அவரோடதை அவரே வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு. உங்களோடதை எடுத்துட்டுப் போக இன்னும் ஆளும் வரலை, மருந்தும் வரலை. வர்ற வரைக்கும் இதைப் போடுங்க." கடைக்காரர் மாத்திரையை எடுக்கிறார். அது தொண்டையில் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அவள் மூடியைச் சாத்துகிறாள்.