அப்பாவின் வெல்டிங் கிளாஸ்

"பாஸ் போட்டுடாதீங்க சார். எங்கப்பாவை ஃபெயிலாக்கிடுங்க."

வெல்டிங் ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். மகனுக்கு, தம்பிக்கு என்று மார்க் கேட்டு வந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். பெற்ற தகப்பனை ஃபெயிலாக்கச் சொல்லி ஒரு பெண் வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

"என்னம்மா, விளையாடுறீங்களா? அவர் பத்தவச்ச இரும்பைப் பாருங்க. நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. கிளாஸ்லயே அவர்தான் முதல்!"

"கை மட்டும் மறக்கல சார். மத்ததெல்லாம் மறந்துபோச்சு. தினமும் உங்க பேரைக் கேப்பாரே?"

"கேப்பார். மரியாதைன்னு நெனச்சேன்."

"என் பேரையும் கேக்கிறார்."

ஆசிரியர் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவள் நுனியில் உட்கார்ந்தாள்.

"அம்மா போனதுலேருந்து சுவத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கார் சார். சாயங்காலமானாத்தான் உயிர் வரும். 'கிளாசுக்கு நேரமாச்சு'ன்னு தானே சட்டையை மாட்டிக்குவார். உங்களுக்கு முந்தி இருந்த சார் வருஷா வருஷம் ஃபெயில் போட்டுக் காப்பாத்தினார். பாஸாயிட்டா மறுபடி சேர முடியாதாமே?"

"முடியாதும்மா. பாஸானவன் அடுத்தவன் இடத்தை அடைக்கக் கூடாது. தொடங்கின நாள்லேருந்து உள்ள ரூல்."

அந்தச் சமுதாயக் கல்லூரியில் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. ஆனாலும் பெருமை தாங்கவில்லை.

"இது எப்படி வந்த காலேஜ் தெரியுமா? ஆலையை மூடி ஊரே வேலையில்லாம நின்னப்போ, யாரோ ஒரு ஃபோர்மேன் லாரி ஷெட்டை இரவல் வாங்கி, ஒத்தை மிஷினை வச்சுப் பாடம் நடத்தியிருக்கார். உக்கார சினிமாக் கொட்டகையோட உடைஞ்ச நாற்காலி! இன்னிக்கு நர்சிங், கம்ப்யூட்டர்னு மாடி மாடியா நிக்குது. யாருக்கும் சலுகை காட்டாததாலதான் வளர்ந்தது."

"சினிமா நாற்காலி இல்ல சார். பழைய பஸ் சீட்டு" என்றாள். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டாள்.

"பிரின்சிபாலைப் பார்த்தீங்களா?"

"அவர்கிட்ட போனா மறுபேச்சில்லாம செஞ்சுடுவார். அப்படிக் காரியம் சாதிக்கிறது அப்பாவுக்குப் பிடிக்காது. உங்க மனசுக்குப் பட்டதைச் செய்யுங்க."

கதவிடுக்கில் ஒரு நரைத்த தலை எட்டிப் பார்த்தது.

"சார்… நான் பாஸா?"

ஆசிரியர் அந்த இரும்புத் துண்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். துண்டை மெல்ல மேஜைக்கடியில் தள்ளினார்.

"ஃபெயில், ஐயா. இன்னும் பழகணும்."

பெரியவரின் முகம் சுருங்கியது. "அப்ப, அடுத்த வருஷம் இடம் குடுப்பீங்களா?"

"முதல் பெஞ்சே உங்களுக்குத்தான்."

சுருங்கிய முகம் பூவாய் விரிந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கியவரின் குரல் ஆசிரியருக்குக் கேட்டது.

"பார்த்தியாம்மா, ஃபெயிலானவனைக்கூடத் துரத்த மாட்டேங்கிறாங்க! எந்த மகராசன் ஆரம்பிச்ச காலேஜோ, அவன் நல்லா இருக்கட்டும்."

"நீங்கதாம்ப்பா" என்றாள் மகள், அவர் மாற்றிப் போட்டிருந்த சட்டைப் பொத்தானைச் சரிசெய்தபடி.