விழுங்கியதும் சொல்லும் மாத்திரை

அருளப்பன் சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின் இப்போது புது மாதிரி. வயிற்றுக்குள் போனதுமே ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் இருக்கும் மகள் ஸ்டெல்லாவின் போனுக்கு அதுவே தகவல் சொல்லிவிடும். பாழாய்ப்போன அந்த மாத்திரை வந்ததிலிருந்து, "அப்பா, மாத்திரை போட்டாச்சா? வெறும் வயித்துல போட்டுராதீங்க" என்று தினமும் காலையில் வருகிற அழைப்பு நின்றுபோனது.

பொறுத்துப் பார்த்தவர், இன்று இட்லியையும் தொடவில்லை, மாத்திரையையும் தொடவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெயில் ஏறியபிறகு அது அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஸ்டெல்லா!"

"அப்பா, இந்த டப்பா மாத்திரை சரியில்ல போல. எனக்குத் தகவலே வரல. கம்பெனிக்குச் சொல்லிட்டேன், மத்தியானம் வேற டப்பா கொண்டாந்து தருவாங்க. வச்சிரட்டுமா?"

"நான் இன்னும் சாப்பிடலம்மா" என்றார்.

அதற்குள் அவள் வைத்துவிட்டிருந்தாள்.