படம் மட்டும் போதும்

மனிதகுலத்தைப் பாஸ்வேர்டு என்னும் அடிமைத்தளையிலிருந்து தாம் விடுவிக்கப்போவதாக, தொட்டிச்செடி விற்கும் இணையதளத்தின் முதலாளி அறிவித்தார். இனி வாடிக்கையாளர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்கைக் கொண்டே உள்ளே நுழையலாம்.

"அப்படியே அவங்க பிறந்தநாள், நண்பர்கள் பட்டியல் எல்லாத்தையும் உருவிடுங்க மேடம்!"

"பேரும் புரொஃபைல் படமும் போதும் சார்," என்றாள் புரோகிராமர்.

"ரோஜாத்தொட்டி வாங்குறவங்க மூஞ்சியை வச்சு நான் என்ன பண்ண? படத்தைத் தூக்குங்க."

"படம் இல்லேன்னா இந்த வேலைக்கு வேற ஆளைப் பாருங்க சார்."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் எதிர்த்துப் பேசியதே இல்லை. முதலாளி மிரண்டுபோய்த் தலையாட்டினார்.

"வாங்க வர்றவங்களை முகம் தெரிஞ்ச மனுஷங்களா மதிக்கணும்னு நினைக்கிறீங்க பாருங்க, கொள்கைன்னா அதுதான்க்கா!" என்று பக்கத்து இருக்கைப் பெண் சிலிர்த்துப்போனாள்.

கொள்கையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போன புரோகிராமரின் மகள், சமூக ஊடகத்தில் அம்மாவை பிளாக் செய்து மூன்று வருடமாகிறது. அம்மா இங்கே வேலைக்குச் சேர்ந்தது தெரியாமல், இங்கேதான் அவள் செடி வாங்குகிறாள்.

மறுநாள் மத்தியானம் மகள் புதிய பொத்தானை அழுத்தினாள். திரையில் பெயர் வந்தது. படம் வருவதற்குள் அம்மாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இளைத்திருப்பாளோ, முடியை வெட்டியிருப்பாளோ, சிரிக்கிறாளோ?

படமும் வந்தது.

கொழுகொழுவென்று ஒரு பூனை.