முப்பத்தொன்பதாவது மாணவி

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அந்தப் பொண்ணு இந்த ரூம்ல நிக்கணும் டீச்சர். கல்வி அதிகாரியே நேர்ல வந்து பரிசு கொடுக்கிறார்!"

தலைமை ஆசிரியர் கையிலிருந்த கடிதத்தை ஆட்டிக் காட்டினார். எதிரே நின்ற ஏழாம் வகுப்பு டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை.

"எந்தப் பொண்ணு சார்?"

"உங்க வகுப்புதான். வரிசை எண் முப்பத்தொன்பது. டிஜிட்டல் போர்ட்ஃபோலியோவுல எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்து முதல் இடம்!"

டீச்சரின் முகம் வெளிறிவிட்டது.

"சார்... என் வகுப்புல மொத்தமே முப்பத்தெட்டுப் பேர்தான்."

தலைமை ஆசிரியர் கடிதத்தை மெல்ல மேசைமேல் வைத்தார்.

நடந்தது இதுதான். மாணவர்கள் தாங்கள் எழுதியது, வரைந்தது, செய்து பார்த்தது எல்லாவற்றையும் மாதாமாதம் கணினியில் 'போர்ட்ஃபோலியோ' என்ற தொகுப்பாகச் சேர்த்துத் தங்கள் வளர்ச்சியைக் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. பிள்ளைகளோ மின்விசிறியைப் படம் எடுத்தார்கள். சொந்தக் கட்டைவிரலைப் படம் எடுத்தார்கள். ஒருவன் தூங்குகிற பூனையை 'அறிவியல்' என்ற தலைப்பில் ஏற்றியிருந்தான். எப்படிச் செய்வது என்று காட்டத்தான் டீச்சர் கணினியில் ஒரு மாணவியை உண்டாக்கினார். பெயர் வைத்தார். பிறந்த தேதி கொடுத்தார்.

ஆரம்பித்தவருக்கு விட மனம் வரவில்லை. குழந்தை வரைந்தது போல இருக்க வேண்டுமே என்று இடது கையால் படம் வரைந்தார். முதல் மாதக் கட்டுரையில் 'பரவை' என்று எழுதினார். அடுத்த மாதம் அவளே அதைப் 'பறவை' என்று திருத்திக்கொண்டாள். பயறு முளைப்பதைப் பன்னிரண்டு நாள் படம் எடுத்து, 'ஒன்பதாம் நாள் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன். என் தவறு' என்று குறிப்பும் எழுதினார். பருவ முடிவில் எல்லாத் தொகுப்பையும் மேலே அனுப்பச் சொன்னபோது, முப்பத்தெட்டோடு அதுவும் போய்விட்டது.

"இல்லாத பிள்ளையைக் கணக்குல காட்டினோம்னு கேஸ் போடுவாங்க. உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும்" என்றார் தலைமை ஆசிரியர். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சவங்க உண்டு. இல்லாத பூசணிக்காயை நான் எங்கேருந்து கொண்டுவந்து வைக்கிறது?"

"உண்மையைச் சொல்லிடலாம் சார்."

"நாளைக்குப் பத்திரிகைக்காரங்களும் வர்றாங்க. அவங்க எதிர்லயா சொல்லுவீங்க? பேசாம வேற ஒரு பொண்ணை நிறுத்திடலாம்."

"யாரை சார் நிறுத்துறது? அவ கால்தூசிக்கு ஆகுமா ஒண்ணாவது?"

தலைமை ஆசிரியர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து, மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகத்தை எடுத்தார்.

மறுநாள் பத்து மணிக்கு, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்த கேடயத்தோடு அதிகாரி உள்ளே வந்தார். பின்னாலேயே பத்திரிகைக்காரர்களும் வந்தார்கள்.

"எங்கே நம்ம முப்பத்தொன்பது?"

"அப்பாவுக்குத் திடீர்னு மாற்றல் சார். போன வாரம்தான் டி.சி. வாங்கிட்டுப் போனாங்க" என்றார் தலைமை ஆசிரியர்.

டீச்சரின் கண் கலங்கியது. என்னமாய் நடிக்கிறார் என்று தலைமை ஆசிரியர் வியந்தார். டீச்சர் நடிக்கவில்லை.

"அடடா!" அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "தண்ணி ஊத்த மறந்துட்டேன், என் தவறுன்னு எழுதியிருந்தாளே! முப்பது வருஷ சர்வீஸ்ல 'என் தவறு'ன்னு எழுதின ஒரு ஃபைலை நான் பார்த்ததில்லைங்க. பார்க்காம விடமாட்டேன். எந்த ஊருக்குப் போனாங்க?"

தலைமை ஆசிரியர் இதை யோசித்து வைக்கவில்லை. சுவரில் தொங்கிய வரைபடத்தைத் திரும்பிப் பார்த்து, மேல் மூலையில் கண்ணில் பட்ட ஊரைச் சொன்னார். அவ்வளவு தூரம் எவன் போகப்போகிறான்!

"அந்த ஊரா? அங்க ஒரே பள்ளிக்கூடம்தானே! அந்த ஹெட்மாஸ்டரை எனக்கு நல்லாத் தெரியும்" என்று அதிகாரி போனை எடுத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். மணி அடித்தது.

"வணக்கம் சார்!"

"உங்க பள்ளிக்கூடத்துல போன வாரம் ஏழாம் வகுப்புல ஒரு பொண்ணு சேர்ந்திருக்காமே? போர்ட்ஃபோலியோவுல முதல் பரிசு வாங்கின பொண்ணு. எப்படி இருக்கா?"

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. யாரிடமோ கிசுகிசுவென்று ஏதோ கேட்பது காதில் விழுந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது என்று தலைமை ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரி மனசுக்குள் ஓடியது.

"ஆமா சார்! ஆமா சார்! தங்கமான பொண்ணு சார்! ஒருநாள் தவறாம வந்துடுது" என்றது போன். "இப்பகூட வகுப்புல பார்த்துட்டுத்தான் வர்றேன்."

தலைமை ஆசிரியரின் கண் தானாகத் திறந்துகொண்டது.

"ஆனா ஒண்ணு சார், தப்பா நினைக்காதீங்க. பழைய ஸ்கூல்ல ரொம்பச் செல்லம் கொடுத்துட்டாங்க போல. வாய் ஓய மாட்டேங்குது. பக்கத்துப் பிள்ளைங்க படிப்பும் கெடுது. நேத்து வெளியிலயே நிக்கவெச்சுட்டோம்."

அடுத்த நொடி, மேசைமேல் பாய்ந்து போனைப் பிடுங்கினார் டீச்சர்.

"பொய் சொல்லாதீங்க சார்! என் வகுப்புல இருந்தவரைக்கும் அவ ஒருநாள்கூட வாயைத் திறந்ததில்ல!"