மகன் வீட்டுச் சுவர்

மக்ரூன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, கனடா விசா நேர்காணலுக்குப் பெயர் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாள் செல்வலட்சுமி. தூத்துக்குடியில் பஸ் இறங்கியதும் பேரப்பிள்ளைகளுக்கென்று வாங்கியது. இன்றைக்கே விமானம் ஏற்றிவிடுவார்கள் என்று நினைப்பு.

விளாத்திகுளம் பக்கத்து இலங்கை அகதி முகாமில், தகரக் கூரைக்கு அடியில் பத்தொன்பது வருஷம் வெந்தவள். மகன் சிவபாலன் அங்கிருந்துதான் ஏஜென்ட் பிடித்துக் கனடா போனான். "என்ன கேட்டாலும் ஏஜென்ட் எழுதித் தந்ததையே சொல்லு ராசா. திருப்பி அனுப்பாமல் பாத்துக்கொள்" என்று வழியனுப்பியவளும் இவள்தான்.

ஞாயிறு தவறாமல் வீடியோவில் வருவான். அவனுக்குப் பின்னால் சுவரில் இவள் படம் இருக்கும், அதன் கீழே சின்னதாக ஒரு சிவப்பு பல்பு எரியும். மகன் தன்னைத் தெய்வமாகக் கும்பிடுகிறான் என்று முகாமில் இவள் சொல்லாத வீடு பாக்கியில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா, நான் உங்களை இங்க எடுக்கிறன்" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். பொறுத்துப் பார்த்து, அவனுக்குத் தெரியாமல் இவளே மனுப் போட்டுவிட்டாள். திடீரென்று போய் நின்று அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமாம்.

உள்ளே, நேர்காணலுக்காகத் தூத்துக்குடி வந்திருந்த கனடா தூதரகத்து வெள்ளைக்கார அதிகாரி கம்ப்யூட்டரையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தார். மொழிபெயர்க்க வந்திருந்த சண்முகப்ரியா உள்ளூர்ப் பெண்.

"அம்மா, ஒங்க மகன் நம்பர் தாங்க. அவர்ட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு சொல்லுதாங்க."

"தாராளமாக் கேளுங்கோ பிள்ளை."

ஸ்பீக்கரில் மணி அடித்தது. "சார், ஒங்க அம்மா செல்வலட்சுமி இங்கன எங்க முன்னால உக்காந்திருக்காங்க" என்றாள் சண்முகப்ரியா.

அவன் குரல் நிதானமாக வந்தது.

"என்ர அம்மா ரெண்டாயிரத்து ஒன்பதில ஷெல் விழுந்து செத்தவ. என்ர அகதிக் கேஸில எழுதிக் குடுத்திருக்கிறன். அங்க இருக்கிறது ஆரெண்டு எனக்குத் தெரியாது."

போனை வைத்துவிட்டான். சண்முகப்ரியா அதிகாரியிடம் பேசிவிட்டுத் திரும்பினாள்.

"அம்மா, அவர் சொல்லுதது பொய்யின்னா அவரோட குடியுரிமையே போயிரும், பிள்ளைங்களோட நடுத்தெருவுல நிப்பாரு. நெசம்னா, ஆள்மாறாட்டம்னு எழுதி ஒங்க மனுவ மூடிருவாங்க. இனிம நீங்க கனடாவுக்குப் போகவே முடியாது. நீங்க யாருன்னு சொல்லுங்க."

அந்தச் சிவப்பு பல்பு எதற்கு என்பது செல்வலட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. மக்ரூன் டப்பாவை மேஜைமேல் வைத்தாள்.

"அயல் வீட்டுக்காரி, பிள்ளை. அவ சாகேக்க நான்தான் கிட்ட இருந்தனான்."