நடுக்கோட்டில் ஒரு தையல் மிஷின்

"மேடம், இது உங்க பக்கம். நீங்கதான் கிளப்பணும்!"

"நல்லா இருக்கே நியாயம்! உங்க பக்கம் உட்கார்ந்திருக்கறவங்கள நான் எதுக்கு சார் கிளப்பணும்?"

பாதாள ரயில் நிலையத்தில் இது தினசரிக் கூத்து. அரசாங்கமும் ஒரு கம்பெனியும் கூட்டாக நடத்தும் ரயில் அது. பிளாட்பாரப் பக்கம் அரசாங்கத்துக்கு, கடைகள் பக்கம் கம்பெனிக்கு. நடுவே தரையில் ஒரு மஞ்சள் கோடு.

அந்தக் கோட்டின் மேலேயே தையல் மிஷினைப் போட்டு, பிய்ந்த பை, போன ஜிப் எல்லாம் தைத்துக் கொடுக்கிறார் ஜிப்பக்கா. அனுமதி கினுமதி எதுவும் கிடையாது. யார் பக்கம் இருக்கிறாரோ அவர்கள்தான் அப்புறப்படுத்த வேண்டும் என்பது ஒப்பந்தம்.

அரசாங்கத் தரப்பு ஸ்டேஷன் மேடமும் கம்பெனி சூப்பர்வைசரும் ஒருவரையொருவர் கைகாட்டியே பொழுதை ஓட்டினார்கள்.

டை கட்டிய பயணி ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

"சம்பளம் மட்டும் வாங்கத் தெரியுதுல்ல? இருங்க, உங்க ரெண்டு பேருக்கும் மேல இருக்கறவரையே கூப்பிடறேன்!" என்று போனை எடுத்தார்.

கூட்டுக் கமிட்டி அதிகாரியே இறங்கி வந்துவிட்டார். ஜிப்பக்கா மிதிப்பதை நிறுத்தினார். இந்த மிஷின் ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும்.

அதிகாரி குனிந்து பார்த்தார். "மிஷின் யார் பக்கம்?"

"சக்கரம் அவர் பக்கம் சார்" என்றார் மேடம்.

"மிதிக்கிறது இவங்க பக்கம் சார்" என்றார் சூப்பர்வைசர்.

"அந்தம்மா?"

"அவங்க எந்தப் பக்கம் சாயறாங்களோ அந்தப் பக்கம் சார்!"

பயணி தலையில் அடித்துக்கொண்டார். அதிகாரி தாடையைச் சொறிந்தார்.

"சிக்கலான கேஸ். கமிட்டி கூடித்தான் முடிவு பண்ணணும். அதுவரைக்கும் யாரும் இவங்களைக் கிளப்பக் கூடாது."

"உருப்பட்ட மாதிரிதான்!" என்று பொருமியபடி பயணி வந்த ரயிலில் ஏறிப் போனார்.

கதவு மூடியதும் மேடத்துக்கு உயிர் வந்தது. "நம்ம சண்டை இன்னைக்கு எடுபட்டுதா சார்?"

"பிரமாதம் மேடம்! நானே ஒரு நிமிஷம் நிஜம்னு நம்பிட்டேன்" என்று சிரித்தபடி திரும்பிய சூப்பர்வைசருக்கு முகம் வெளுத்தது. அதிகாரி இன்னும் போகவில்லை.

அவர் ஜிப்பக்காவிடம் குனிந்தார்.

"ஏம்மா, மிஷினைச் சரியா நடுவுல போட்டுக்கக் கூடாதா? கொஞ்சம் ஒரு பக்கமா நகர்ந்து கிடக்கு. எங்க நான் முடிவு சொல்ல வேண்டியதாப் போயிடுமோன்னு பயந்தே போயிட்டேன்!"